செண்பகம் தொட்டால் மட்டும்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

இந்த வீட்டில் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த ஆள் ஒருவன்தான். அவன் இன்று காலை ஆறு மணிக்கே எழுந்து ஸ்கூட்டர், கிரைண்டர், மண்வெட்டி, அரிவாள்மனை, தையல் மிஷின், வாஷிங் மிஷின் எல்லாவற்றையும் கழுவி முடித்து, எட்டரைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு நின்றான். செண்பகம் அப்போதுதான் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வருஷ தாம்பத்தியத்தில் அவள் நேரத்துக்கு முடித்த ஒரே காரியம் கல்யாணம்தான், அதுவும் ஐயர் அவசரப்படுத்தியதால்.

“வாஷிங் மிஷினை ஈரத்துணியால தொடச்சாப் போதுங்க. தண்ணி ஊத்தாதீங்க” என்றாள். துடைப்பதற்குப் பெயர் பூஜையா? பின்பக்கம் ஆறு வருஷ அழுக்கு அப்பியிருந்தது. சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து நான்கு வாளித் தண்ணீர் அடித்து ஊற்றினேன். பிறகு சந்தனம், குங்குமம். வயர் உள்ளே நுழைகிற ஓட்டையைச் சுற்றியும் கெட்டியாகக் குழைத்துப் பொட்டு வைத்தேன். கரண்ட் வருகிற வாசலே அதுதான். அதை விட்டுவிட்டு மூடிக்கு மட்டும் வைத்தால் என்ன அர்த்தம்?

மகள் சுபாவின் தையல் மிஷினுக்குப் பொட்டு வைக்கும்போது செண்பகம் மூக்கை உறிஞ்சினாள். சளி என்றாள். “தீபாவளிக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு” என்றும் சொன்னாள். காலண்டர் பார்க்க எனக்கும் தெரியும் என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மிஷினைப் போட்டதும் வீடே அணைந்துவிட்டது. ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, சீரியல் நின்றது. மூன்றாவது மட்டும் நல்லது.

மெயின் போர்டில் டிரிப்பர் என்று ஒன்று உண்டு. கரண்ட் எங்காவது ஒழுகினால் பொட்டென்று விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஆளைக் காப்பாற்றுகிற சாதனம் என்று சொல்லி வீடு கட்டிய இன்ஜினியர் என் தலையில் கட்டியது. இத்தனை வருஷத்தில் அது யாரையும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. மாவு அரைக்கும்போது இரண்டு தடவை விழுந்து, மாவு பாதியில் நின்றதுதான் அதன் சாதனை.

நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவன் நான். ஊகத்தில் எதையும் முடிவு செய்வதில்லை. மிக்ஸியைக் கொண்டுபோய் மிஷின் பிளக்கில் போட்டேன்: விழவில்லை. மிஷினைச் சமையலறை பிளக்கில் போட்டேன்: விழுந்தது. மிஷினை வெறும் பிளக்கில் சொருகி, ஸ்டார்ட் பண்ணாமல் விட்டேன்: அப்போதும் விழுந்தது. ஆக, வயரிங் சுத்தம், குற்றவாளி மிஷின்.

“அன்னைக்குத் தண்ணி ஊத்துனீங்கள்ல, அதான்” என்றாள் செண்பகம். அது நடந்து இரண்டு நாளாயிற்று, வெயிலில் காய்ந்தாயிற்று என்று விளக்கினேன். அவளுக்கு விளக்குவது கிணற்றுக்குள் கல் போடுவது மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து ஏதோ சத்தம் வரும்.

வந்தது. “சுபாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா, அவரு வந்து…” என்றாள். முறைத்தேன். நிறுத்திக்கொண்டாள்.

அந்த ‘அவரை’ப் பற்றி ஒரு தடவை எழுதிவிடுகிறேன், இனி எழுத வேண்டியிருக்காது. பெயர் தமிழரசன். எலெக்ட்ரிக் வேலை. என் ஒரே மகள், எம்.எஸ்.ஸி. படித்தவள், ஜூன் மாதம் ரிஜிஸ்டர் ஆபீசில் இவனுக்கு மாலை போட்டாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் காலனியில் குடித்தனம். நான் சாதி பார்ப்பவன் இல்லை. ஆபீசில் எல்லாரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், என் டிபனை நான், அவர்கள் டிபனை அவர்கள். ஆனால் கம்பி இழுக்கிறவனை மாப்பிள்ளை என்று கூப்பிட என் வாய்க்கு வராது.

அக்டோபர் 4, சனி

மிஷின் கம்பெனிக்கு போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று இருபது நிமிஷம் அழுத்த வைத்துவிட்டு ஒரு பெண் வந்தாள். தீபாவளி நெருக்கடியாம், மெக்கானிக் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை துணியை என்ன செய்வது என்றேன். “உங்கள் பொறுமைக்கு நன்றி சார்” என்றாள். நான் எப்போது பொறுமையாக இருந்தேன்?

அக்டோபர் 5, ஞாயிறு

முக்குக் கடை எலெக்ட்ரீஷியன் பால்பாண்டி வந்தான். காதில் பென்சில், வாயில் பாக்கு, டெஸ்டர் ஒன்றைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது. மிஷினைத் திறக்கக்கூட இல்லை. பிளக்கை மட்டும் கழற்றி உள்ளே எதையோ நறுக்கினான்.

“எர்த்தைக் கழட்டி விட்டுட்டேன் சார். எர்த்து இருந்தாத்தான் கரண்ட்டு அது வழியா இறங்கி டிரிப்பர் விழுகும். இப்ப இறங்குறதுக்கு வழியே இல்ல.”

“வழி இல்லேன்னா கரண்ட் எங்கே போகும்?”

“அது பாட்டுக்கு அங்கேயே நிக்கும் சார்.”

ஒழுகுகிற கரண்ட் நிற்குமாம். படிக்காதவன் பேச்சு. ஆனால் மிஷின் ஓடியது. டிரிப்பர் அசையவில்லை. செண்பகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பார்த்தியா? உன் ஆள் யாரும் வரவேண்டி இல்லை.”

அக்டோபர் 6, திங்கள்

விழவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

விழுந்தது. மிஷின் நன்றாகச் சுற்றி முடித்துவிட்டது, செண்பகம் துணி எடுக்கக் கை வைத்த நேரத்தில் விழுந்தது. டிரிப்பரைத் தூக்கிவிட்டு வந்தேன். நான் தொட்டேன், ஒன்றுமில்லை. அவளைத் தொடச் சொன்னேன். விழுந்தது. இன்னொரு தடவை சோதித்தேன். அதே கதை.

இவள் தொட்டால் மட்டும் விழுகிறது. இதை எந்த மெக்கானிக்கிடம் போய்ச் சொல்வது? அவள் வெறுங்காலோடு ஈரத்தில் நின்று தொப்புத்தொப்பென்று வேலை செய்கிறாள், நான் ரப்பர் செருப்போடு ஒழுங்காக நிற்கிறேன். அதைத் தவிர எங்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை.

கையில் சுள்ளென்று ஏறுவதாகச் சொல்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு எதுவோ ஒன்று எங்கேயோ சுள்ளென்று ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

இன்று மிஷின் பேச்சே இல்லை. தலை தீபாவளிப் பேச்சு.

கல்யாணமான முதல் தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு வரவேண்டும். அதற்கு நாங்கள் தட்டு எடுத்துக்கொண்டு நேரில் போய் அழைக்க வேண்டும். நேரில்! ரயில்வே கேட்டைத் தாண்டி, அந்தக் காலனிக்குள், வெற்றிலை பாக்கோடு நான் நடந்து போகவேண்டுமாம்.

“அவ வாய் விட்டுக் கேக்க மாட்டாங்க. ஆனா காத்துக்கிட்டிருப்பா. தலை தீபாவளி ஒரு தடவைதானே வரும்?”

“நாலு சுவத்துக்குள்ள யாருக்கும் சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டவளுக்குத் தலை தீபாவளி என்ன, வால் தீபாவளி என்ன?”

எழுந்து போனாள். சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருந்தாள். ரசத்தில் உப்பு இல்லை. வேண்டுமென்றே செய்வது எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 9, வியாழன்

காலையில் மறுபடி செண்பகம் தொட, மறுபடி விழ, என் பொறுமை தீர்ந்தது. மாலையில் பால்பாண்டியை வரவழைத்தேன்.

“டிரிப்பரையே தூக்கிட்டு டைரக்டாக் குடுத்திரவா சார்? இந்த ஏரியாவுல பாதி வீட்டுல அப்படித்தான்.”

“வேணாம்ங்க” என்றாள் செண்பகம், கதவோரமாக நின்றுகொண்டு. “அது எதுக்கோதானே விழுகுது?”

பால்பாண்டி என்னைப் பார்த்தான். இந்த வீட்டில் யார் முடிவு செய்வது என்பது அவனுக்காவது தெரிந்திருக்கிறது. செய் என்றேன். டிரிப்பரைச் சும்மா அதன் இடத்திலேயே விட்டு, வயரை மட்டும் அதைத் தாண்டி டைரக்டாக இணைத்து, ஐந்தரைக்கு முடித்தான். போர்டு மூடிக்கு நான்கு ஸ்குரூ இருக்க, இரண்டை மட்டும் மாட்டிவிட்டு, மீதி இரண்டு உருண்டு போய்விட்டதாகச் சொன்னான். எதையும் முழுதாகச் செய்வது இந்த ஊர்க்காரர்களுக்கு வராது.

மிஷின் போட்டாள். எடுத்தாள். காயப்போட்டாள். வீட்டில் ஒரு விளக்குகூட அணையவில்லை. ஒரு வாரத் தலைவலி தீர்ந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

இரண்டு தடவை மிஷின் ஓடியது. விழ எதுவும் இல்லாததால் விழவில்லை. புருஷனின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு துணி எடுக்கிறாள். கேட்டால் “சும்மாதான்” என்கிறாள்.

காலையிலேயே கொல்லைப் பக்கம் நின்று போனில் குசுகுசுவென்று பேசினாள். யார் என்றேன். மளிகைக் கடை என்றாள். அரை மணி நேரமாகத் துவரம்பருப்பைப் பற்றி அப்படி என்ன ரகசியம்?

அக்டோபர் 11, சனி

திடீரென்று சிறுமலை வாழைப்பழம் வேண்டுமாம். தெருமுனையில் விற்பது சிறுமலைப் பழமே இல்லையாம், பெரிய மார்க்கெட்டில் போய்ப் பார்த்து வாங்கவேண்டுமாம். அப்படியே புளி, அப்படியே செருப்புத் தைக்கக் கொடுத்தது, அப்படியே லைப்ரரி. பத்து மணிக்கு விரட்டினாள். மார்க்கெட்டில் கூட்டம். லைப்ரரியைப் பாதியில் விட்டுவிட்டு பதினொன்றரைக்கெல்லாம் திரும்பிவிட்டேன். அவளுக்குச் சந்தோஷமில்லை. “அதுக்குள்ளயா?” என்கிறாள்.

மெயின் போர்டுக்குக் கீழே ஸ்டூல். ஒட்டடை அடித்தாளாம். ஆனால் மேலே ஒட்டடை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது. அடிக்கத் தெரிந்தால்தானே? தொட்டியில் இரண்டு காப்பி டம்ளர். இரண்டு தடவை குடித்தாளாம்.

ஒரு நல்ல சமாச்சாரம். போர்டு மூடியில் இப்போது நான்கு ஸ்குரூவும் இருக்கிறது, நான்கும் நேராக, இறுக்கமாக. பால்பாண்டி வந்தானா என்று கேட்டேன். “ம்” என்றாள். பரவாயில்லை, திட்டினால் உறைக்கிற ஆள்தான்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்றும் இன்றும் மழை. செண்பகம் வாஷிங் மிஷினைத் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி மேலே வைத்துவிட்டு, துவைக்கும் கல்லில் அடித்துத் துவைக்கிறாள். கைத்துவைப்புத்தான் சுத்தமாம். அடம். ‘நீ சரி செய்தது சரியில்லை’ என்பதை வாயால் சொல்லத் தைரியமில்லாமல் கல்லில் அடித்துச் சொல்கிறாள். தெருவுக்கே கேட்கிறது.

வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம்.

அக்டோபர் 15, புதன்

எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலை ஒன்பதே காலுக்குச் செண்பகம் ரேஷன் கடைக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் நானே ஒரு லோடு துவைத்து, கொடியில் போட்டுக் காட்டுவதென்று முடிவு செய்தேன். வாளியில் ஊறிய துணிகளை அள்ளி மிஷினில் போட்டேன். பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். ரப்பர் செருப்பு மழையில் ஊறிக் கிடந்ததால் வெறுங்கால். தரை முழுவதும் தண்ணீர். சோப்புத் தூள் போட இடது கையால் மிஷின் விளிம்பைப் பிடித்தேன்.

பிடித்தது நான் அல்ல. அது என்னைப் பிடித்தது. தோள் வரைக்கும் ஒரு அடி. கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. விரல்களை விரிக்க முடியவில்லை. கண் இமைக்கிற நேரம்தான். வீடு அணைந்தது. கை விட்டது. நான் தரையில் கிடந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பிறகுதான் அந்த யோசனை வந்தது. வீடு ஏன் அணைந்தது? டிரிப்பர்தான் இணைப்பில் இல்லையே?

போர்டைப் போய்ப் பார்த்தேன். டிரிப்பர் விழுந்திருந்தது. நான்கு ஸ்குரூவையும் கழற்றினேன். உள்ளே புது வயர், மடிப்பு மடிப்பாக, ஒழுங்காக. பால்பாண்டி கை அல்ல அது. ஒரு வயரில் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் சிறிய எழுத்தில் எழுதியிருந்தது: ‘11-10. இதைக் கழற்றக் கூடாது.’

செண்பகம் அரிசிப் பையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள், பையைக் கீழே வைத்தாள்.

“மிஷினைத் தொட்டீங்களா?”

“யார் மாட்டினது இதை?”

“மாப்பிள்ளை” என்றாள். இந்த வீட்டில் அந்த வார்த்தையை அவள் சத்தமாகச் சொன்னது இன்றுதான் முதல் தடவை.

அக்டோபர் 16, வியாழன்

நேற்று அவள் சொன்னதையெல்லாம் வரிசைப்படுத்துகிறேன்.

ஒன்பதாம் தேதி டிரிப்பரை எடுத்த மாலை, முதல் லோடு துணி எடுக்கும்போது அவளுக்கு ஷாக் அடித்திருக்கிறது. உதறி விழுந்திருக்கிறாள். வலது கை விடியும்வரை மரத்துக் கிடந்திருக்கிறது. “உங்ககிட்டச் சொன்னா, உனக்குத் தொடத் தெரியலன்னு திட்டுவீங்க. அதான் சொல்லல” என்றாள். நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். வார்த்தைகூட மாறியிருக்காது.

மறுநாள் காலையில் சுபாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். தினமும் பேசுகிறார்களாம், ஜூனிலிருந்து. சுபா உடனே, “அப்பா செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடும்மா, இல்லேன்னா தொடவே தொடாதே” என்று சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை அவன் வந்தான். போர்டைப் பிரித்ததும், “இதை யாரு அத்தை செஞ்சது? ஆளைக் கொல்றதுக்கா?” என்று கேட்டானாம். டிரிப்பரை மாட்டி முடிக்கவும் என் வண்டிச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்ததாம். மிஷினைப் பிரிக்க நேரமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொல்லைப் பக்கமாகச் சந்து வழியே போயிருக்கிறான்.

ஒன்பதாம் தேதி மாலை ஐந்தரையிலிருந்து பதினொன்றாம் தேதி காலை பதினொன்றரை வரை, நாற்பத்திரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்குள் அவள் மூன்று தடவை மிஷின் போட்டாள். ஒரு தடவை வெறுங்காலோடு. கணக்கு இதுதான். இந்த ஊரில் எத்தனை வயல் வரப்பை அங்குலம் பிசகாமல் அளந்திருக்கிறேன். என் பெண்டாட்டிக்கும் சாவுக்கும் நடுவில் இருந்த தூரத்தை நான் அளக்கவில்லை. நானே ஆளை வரவழைத்து, பக்கத்தில் நின்று, செய் என்று சொன்னேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று வாங்கிய அடிக்காக அல்ல. அவள் போயிருந்தால், தொடத் தெரியாமல் தொட்டாள் என்றுதான் இந்த டைரியில் எழுதியிருப்பேன்.

“மிஷினைச் சரி பண்ண அவனை வரச் சொல்” என்றேன் ராத்திரிச் சாப்பாட்டின்போது.

“வரமாட்டாரு. திருட்டுத்தனமா ஒரு தடவை வந்ததே போதும் அத்தை, சார் கூப்பிட்டா வர்றேன்னுட்டாரு. நம்பர் காலண்டர்ல எழுதிருக்கு.”

அக்டோபர் 17, வெள்ளி

காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கலெக்டரிடம் பேசியிருக்கிறேன், மந்திரியிடம் பேசியிருக்கிறேன்.

“நான் பொன்னுரங்கம் பேசறேன்.”

“சொல்லுங்க சார்.”

“வாஷிங் மிஷின் ஒண்ணு பார்க்கணும்.”

“பதினோரு மணிக்கு வர்றேன் சார்.”

சொன்ன நேரத்துக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, கேட்டைத் திறக்காமல், பைகளோடு பக்கத்துச் சந்துக்குள் திரும்பினார். போன தடவை செண்பகம் காட்டிய வழி, அக்கம்பக்கம் பார்க்காத வழி. யாருக்குப் பயந்து அந்த வழி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஓடிப்போய் கேட்டைத் திறந்தேன். “முன்னாடி வழியா வாங்க” என்றேன். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். பார்க்கட்டும்.

மிஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். டார்ச் அடித்துக் காட்டினார். வயர் நுழைகிற இடத்தில் உள்ளே ஒரு ஜாயிண்ட். அதன் மேல் சிவப்பும் மஞ்சளுமாகச் சேறு. சோப்புத் தண்ணீர், சந்தனம், குங்குமம் எல்லாம் சேர்ந்து உள்ளே இறங்கி, டேப் ஊறிப் பிரிந்து, வயர் தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. வெயிலுக்குக் காயும், மழைக்கு ஊறும்.

“முதல்ல இருந்தே டிரிப்பர் சரியாத்தான் சார் சொல்லிக்கிட்டிருந்துச்சு. எர்த்தை வெட்டினதும் இறங்க வழி இல்லாமப் போச்சு. யாரு தொடுறாங்களோ அவங்க வழியா இறங்கும்.” பிறகு கேட்டார்: “யாரு சார் தண்ணி ஊத்துனது?”

செண்பகம் தரையைப் பார்த்தாள். எனக்காகப் பொய் சொல்லத் தயாராகிறாள் என்று தெரிந்தது.

“நான்தான். இவ வேணாம்னு சொன்னா” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் பத்து நிமிஷம் பேசியிருப்பேன். ஜாயிண்டைச் சுத்தம் செய்து, புது வயர் போட்டு, பிளக்கில் எர்த்தைத் திரும்ப மாட்டி, தன் கையை நனைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நின்று, மிஷினைத் தானே முதலில் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் செண்பகத்தைத் தொட விட்டார்.

அக்டோபர் 18, சனி

தட்டு, பழம், வெற்றிலை பாக்கு, வேட்டி, புடவை. போனோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் நிதானமாகப் போயிற்று. திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. செண்பகம் என் தட்டை வாங்கித் தன் தட்டின் மேல் வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு அறை வீடு. வாசலில் சுபா நின்றாள். மெலிந்திருக்கிறாள். நான்கு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். என்ன பேசுவதென்று வழியெல்லாம் யோசித்து வைத்தது எதுவும் வரவில்லை. “தலை தீபாவளிக்கு ரெண்டு பேரும் வீட்டுக்கு வரணும்” என்றேன்.

“ஷாக் அடிக்காம இருந்திருந்தா வந்திருப்பீங்களாப்பா?”

அவள் கேள்வி கேட்கிற விதம் என்னுடையது. நானே கற்றுக்கொடுத்தது. பொய் சொல்லலாம். சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

“வந்திருக்க மாட்டேன்.”

தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டினாள். “அம்மா கையில ஷாக் அடிச்சதுகூட உங்களுக்குத் தெரியல. அம்மா செத்திருந்தாலும் எங்களுக்குச் சொல்லி விட்டிருப்பீங்களோ என்னமோ” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாங்க வரலப்பா. இங்கயே கொண்டாடறோம். அம்மா இங்க வர்றாங்க” என்றாள்.

“சுபா” என்றார் உள்ளேயிருந்து தமிழரசன்.

“அப்பாவும் வர்றதுன்னா வரட்டும். நான் வேணாங்கல” என்றாள், அவரைப் பார்த்து. என்னைப் பார்த்து அல்ல.

செண்பகம் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

செண்பகம் மத்தியானமே பையோடு போய்விட்டாள். “சாதம் வடிச்சிருக்கு. ரசம் அடுப்பு மேல இருக்கு” என்றாள். வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

தெருவெல்லாம் வெடி. திட்டுவதற்கு வீட்டில் ஆளில்லை. ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலை ஐந்தரைக்குப் போய் நின்றேன். சுபாதான் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. கதவிலிருந்து விலகினாள்.

உள்ளே இரண்டு மனை போட்டிருந்தது. ஒன்றில் தமிழரசன், துண்டைக் கட்டிக்கொண்டு. செண்பகம் காய்ச்சிய எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை நீட்டினாள். “நீங்க வைங்க. பெரியவங்க கையால வைக்கணும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலையில் நான் கை வைக்க வேண்டும். ஒரு கணம் கை எழவில்லை. சாதி பார்ப்பவன் இல்லை என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். அது பொய். எழாத கையை நான் பார்த்தேன், செண்பகம் பார்த்தாள், சுபாவும் பார்த்தாள். அதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் பிரயோஜனம் இல்லை.

பிறகு வைத்தேன். மூன்று சொட்டு உச்சியில், உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன்.

“சூடா இருக்கா?” என்றேன்.

“இல்ல மாமா. சரியா இருக்கு.”

அடுத்த மனையில் சுபா வந்து உட்கார்வாள் என்று கிண்ணத்தோடு திரும்பினேன். அவள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கக் கிளம்பினாள்.

“எனக்கு அம்மா வெச்சுவிட்டாங்கப்பா” என்றாள்.

என்னைத் தாண்டி, ட்யூப்லைட்டுக்குக் கீழே நடந்து போனாள். அவள் தலைமுடி காய்ந்து பறந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. செண்பகத்தைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

பொய் சொல்கிறாய் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கிண்ணத்தைக் கீழே வைக்காமல், காலியாகக் கிடந்த மனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.